நுனி மட்டும் மடங்காத விரல்

மாங்கொட்டையில் கத்தி வழுக்கியபோது லீனா அலறவில்லை. இரத்தம் சொட்டிவிடாமல் தால்சா அண்டாவை அந்தப் பக்கம் நகர்த்துங்கள் என்றுதான் முதலில் சொன்னாள். சித்தூரில் அவர்களுடைய சபையின் ஆண்டு விழா, ஜூலை மாதத்து ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் நானூறு பேருக்கு ஐக்கிய விருந்து. அந்தச் சபையில் தால்சா என்கிற பருப்புக் குழம்புக்கு மாங்காயைக் கொட்டையோடு வெட்டிப் போட வேண்டும். கொட்டையை எடுத்துவிட்டுப் போட்டால் முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துக் கேள்வி கேட்கிற ஆட்கள் அங்கே உண்டு. பங்காருபாளையத்திலிருந்து வந்தது சீசனின் கடைசி மூட்டை. கொட்டை முற்றிக் கட்டையாகிவிட்டிருந்தது. இடது உள்ளங்கையில் காயை வைத்து வலது கையால் ஓங்கிப் போட்டாள். கத்தி கொட்டையில் சறுக்கி, இடது ஆட்காட்டி விரலின் உள்பக்கம், நடுக் கணுவுக்கும் நுனிக் கணுவுக்கும் நடுவில் இறங்கியது.

காயம் ஒரு விரற்கடை நீளம்கூட இல்லை. ஆனால் வெட்டுப்பட்ட இடம் லீனாவின் பிழைப்பு நடக்கிற இடம்.

அவளுக்கு முப்பத்தொரு வயது. ஸ்ரீ சிட்டியில் கார்களுக்கு வயரிங் செய்கிற தொழிற்சாலை ஒன்றில் ஏழு ஆண்டுகளாக ஒப்பந்த வேலை. வாரம் முழுக்கத் தடா பக்கம் பெண்கள் விடுதி, சனிக்கிழமை மாலை சித்தூர் பஸ். பள்ளிக்கூடத்தில் படித்தது தெலுங்கு. ஞாயிறு பள்ளியில் கற்றது தமிழ். லைனில் பேசுவது இரண்டும் கலந்து, நடுநடுவே ஆங்கிலத்தில் நம்பர். காரின் முன்விளக்குக்குப் போகிற வயர்களை ஒரு பிளாஸ்டிக் கனெக்டருக்குள் செருகிப் பூட்ட வேண்டும். வலது கை வயரைக் கொண்டுவரும். இடது ஆட்காட்டி விரல் நுனி கனெக்டரின் பூட்டை அழுத்தும். ஒரு ஷிப்டுக்கு ஆயிரத்து இருநூறு தடவை. அந்த நுனி வளைந்து, விறைத்து நின்றால்தான் பூட்டு விழும்.

சபையிலிருந்து அவளை அண்ணன் ஜெபசிங் தன் ஆட்டோவில் வைத்து, கடைத்தெருவுக்குப் பின்னால் இருந்த சின்ன கிளினிக்குக்குக் கொண்டுபோனான். ஞாயிற்றுக்கிழமை, டாக்டர் கிளம்பிக்கொண்டிருந்தார். லீனாவுக்கு இருந்த பயம் ஒன்றுதான். அதைத் தெலுங்கில் கேட்டாள்: நரம் அறுந்துவிட்டதா பாருங்கள் சார்.

டாக்டர் காயத்தைக் கழுவினார். ஊசி முனையால் விரல் நுனியின் இரண்டு பக்கமும் மெதுவாகத் தொட்டார். தெரிகிறதா என்று கேட்டார். தெரிந்தது, இரண்டு பக்கமும். நரம் நன்றாக இருக்கிறது என்றார். மூன்று தையல், ஒரு கட்டு, எட்டாம் நாள் தையல் பிரிக்க வரச் சொல்லி அனுப்பினார்.

கேட்ட கேள்விக்கு அவர் சொன்னது சரியான பதில். கேள்விதான் தடுமாறிப்போனது. சித்தூரில் தமிழ்க்காரர் நரம்பு என்பார், தெலுங்குக்காரர் நரம் என்பார். இரண்டு பேருமே அந்த ஒரு சொல்லில் மூன்று சங்கதிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். குளுக்கோஸ் ஏற்ற நர்ஸ் தேடும்போது கிடைக்காமல் போவதும் நரம்புதான். மலைக்கு நடந்து ஏறினவர்களுக்குக் கெண்டைக்காலில் இழுத்துக்கொள்வதும் நரம்புதான். பயந்தவனுக்குத் தளர்ந்துபோவதும் அதுதான். டாக்டர் படித்த நரம்பு தொடு உணர்ச்சியைத் தூக்கிக்கொண்டு போகிறது. லீனா கேட்டது விரலை இழுக்கிற கயிற்றை. இரண்டு பேரும் ஒரே சொல்லைச் சொல்லி, வேறு வேறு சாமானைப் பற்றிப் பேசிப் பிரிந்தார்கள்.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, தையல் பிரித்தார்கள். காயம் சுத்தமாக ஆறியிருந்தது. லீனா விரல்களை மடக்கிப் பார்த்தாள். ஆட்காட்டி விரல் அடிக் கணுவில் மடங்கியது, நடுக் கணுவிலும் மடங்கியது. நுனி மட்டும் குச்சி மாதிரி நீட்டிக்கொண்டு நின்றது. வீக்கம், போகப்போகச் சரியாகும், ரப்பர் பந்தை அமுக்குங்கள் என்றார்கள். விரல் மடங்குகிறதே என்று ஜெபசிங்கும் சொன்னான். பார்ப்பவர்களுக்கு அது மடங்குகிற விரலாகத்தான் தெரிந்தது.

விரலை மடக்க இரண்டு கயிறுகள் உண்டு என்பது அங்கே யாருக்கும் தெரியாது. ஒன்று நடு எலும்போடு நின்றுவிடும். மற்றொன்று அதைத் தாண்டிக் கடைசி எலும்புவரை போகும். கத்தி அறுத்தது இரண்டாவதை மட்டும். முதலாவது ஒழுங்காக வேலை செய்து, அறுந்ததை எல்லோர் கண்ணிலிருந்தும் மறைத்தது.

ஒன்பதாம் நாள் லீனா லைனில் நின்றாள். முதல் கனெக்டரைப் பிடித்து நுனியால் அழுத்தினாள். நுனி பின்பக்கமாக வளைந்து கொடுத்தது. வலி இல்லை, பலமும் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினாள். நடுவிரலை வைத்துப் பார்த்தாள். அது அந்தச் சந்துக்குள் நுழையவில்லை. கட்டைவிரலால் அழுத்தினால் கனெக்டரைப் பிடிக்கக் கையில்லை. அவளுக்கு முன்னால் வயர்கள் குவிந்தன. அடுத்து நின்ற பெண் காத்திருந்தாள், அவளுக்கு அடுத்தவளும். பத்து நிமிடத்தில் லைன் நின்றது.

சூப்பர்வைசர் யசோதா சத்தம் போடவில்லை. லீனாவின் விரலைப் பிடித்துப் பார்த்துவிட்டு, ஓரமாகக் கூட்டிக்கொண்டு போய்ச் சொன்னாள். ஒப்பந்த ஆளுக்கு லைன் வேலை தவிர வேறு வேலை கம்பெனியில் கிடையாது. நவம்பரில் புது மாடல் வருகிறது, அப்போது லைனுக்குப் பழைய ஆட்களைக் கூப்பிடுவார்கள், அதுவரை லீனாவின் பெயரை வெட்டாமல் பார்த்துக்கொள்கிறேன். அதற்குள் விரலைச் சரிசெய்துகொண்டு வா. வந்து மூன்று மணி நேரத்துக்குள் லீனா திரும்பவும் பஸ்ஸில் இருந்தாள்.

பத்தாம் நாள், புதன்கிழமை, அண்ணனும் தங்கையும் புத்தூரில் சந்தித்தார்கள். அடிபட்ட கை என்றால் அந்த மாவட்டத்துக்காரர்களுக்குக் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும். எலும்புக்குக் கட்டுப் போடுகிறவர்கள் அங்கே உண்டு. ஊருக்கு வெளியே கட்டுப் போடுகிற சுரேஷ்பாபுவின் கொட்டகையில் முப்பது பேர் இருந்தார்கள். மூங்கில் தப்பை, முட்டை வெள்ளைக்கரு வாசனை, பெஞ்சு முழுக்க மாவு பூசினது போலக் கைகளும் கால்களும். ஜெபசிங் காத்திருக்கிற நேரம் முழுக்கத் தங்கையைச் சீண்டினான். "கனெக்டர் புடிக்கற கை, மாங்கா புடிக்கத் தெரியல. இன்னா வேல செய்றியோ அங்க."

சுரேஷ்பாபுவுக்கு ஐம்பது வயதிருக்கும். விரலை அடியிலிருந்து நுனிவரை ஒவ்வொரு எலும்பாக அழுத்திப் பார்த்தார். பிறகு நடு எலும்பை இரண்டு விரலால் அசையாமல் பிடித்துக்கொண்டு, இப்போது நுனியை மடக்கு என்றார். லீனா மடக்கினாள். மடக்கினதாக அவள் நினைத்தாள். முழங்கைக்குக் கீழே ஏதோ இறுகியதைக்கூட உணர்ந்தாள். நுனி அசையவில்லை.

அவர் அடுத்துச் செய்ததைப் பார்த்து ஜெபசிங் பேச்சை நிறுத்தினான். லீனாவின் கையை மல்லாத்தி மேசைமேல் தளர்வாக வைக்கச் சொன்னார். முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில், உள்பக்கச் சதையில், தன் கட்டைவிரலை வைத்து ஆழமாக அழுத்தினார். லீனா ஒன்றும் செய்யவில்லை. ஆனால் அவளுடைய நடுவிரல், மோதிரவிரல், சுண்டுவிரல் மூன்றும் தானாக உள்ளே சுருண்டன, தூங்குகிற குழந்தையின் விரல்கள் மாதிரி. அழுத்தத்தை எடுத்தார், விரல்கள் விரிந்தன. மறுபடி அழுத்தினார், சுருண்டன. ஆட்காட்டி விரலின் நுனி மட்டும் ஒவ்வொரு தடவையும் நீட்டியபடி நின்றது.

விரலை மடக்குகிற சதை விரலில் இல்லை, இங்கே இருக்கிறது என்று அழுத்தின இடத்தைக் காட்டினார். இங்கிருந்து கயிறுகள் மணிக்கட்டு வழியாகப் போய் எலும்பைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. சதை சுருங்கினால் கயிறு இழுக்கும், கயிறு இழுத்தால் எலும்பு கணுவில் மடங்கும். உன் சதை நன்றாக இருக்கிறது, எலும்பு நன்றாக இருக்கிறது, கணுவும் நன்றாக இருக்கிறது. நடுவில் தாடு அறுந்துவிட்டது. தாடு என்றால் கயிறு. தெலுங்கில் சொல்லிவிட்டுத் தமிழிலும் சொன்னார்.

வந்தது வந்துவிட்டோம், ஒரு கட்டாவது போட்டு அனுப்புங்கள் என்று ஜெபசிங் கேட்டான். அந்தக் கொட்டகையில் கட்டில்லாமல் யாரும் வெளியே போய் அவன் பார்த்ததில்லை.

"கட்டு போட்டா நீ சந்தோஷமா போவ. விரல் போயிடும்" என்றார் சுரேஷ்பாபு. "எத்தினி நாளாச்சு?"

"பத்து."

அவர் முகம் மாறியது. நாள் ஆக ஆக, சதை அறுந்த கயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டே போகும், பதினான்கு நாளைத் தாண்டினால் பெரிய டாக்டர்களுக்கே கஷ்டம் என்றார். திருப்பதிக்குப் போங்கள், நாளைக்கே போங்கள், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். தட்சிணை எதுவும் வாங்கிக்கொள்ளவில்லை. அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, காலை எட்டு மணிக்குத் திருப்பதியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சீட்டு கவுன்டரில் அவர்கள் நின்றார்கள். பின்னாலிருந்து கூட்டம் நெட்டியது. கம்பிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நிமிராமலே என்ன பிரச்சினை என்று கேட்டார். கயிறு அறுந்துவிட்டது என்று சொல்லலாம் என்றுதான் லீனா வந்திருந்தாள். அந்தக் கவுன்டர் முன்னால், அத்தனை பேருக்கு நடுவில், படித்தவர் ஒருவரிடம் கையில் கயிறு அறுந்துவிட்டது என்று சொல்ல வாய் வரவில்லை. சிரித்துவிடுவார்கள். நாக்கு பழக்கப்பட்ட சொல்லுக்கே போனது. விரல் நரம் கட்டாகிவிட்டது என்றாள்.

சீட்டு வந்தது. இரண்டாவது மாடி, எண் எண்பத்தாறு.

இரண்டாவது மாடி வராந்தாவில் நாற்காலி கிடைக்கவே அரை மணி ஆனது. ஐந்தாவது எண் உள்ளே போய்க்கொண்டிருந்தது. பதினோரு மணிக்குச் சீட்டு கவுன்டர் மூடிவிடும் என்று சுவரில் எழுதியிருந்தது. அதை இருவரும் படித்தார்கள், தங்களுக்குத்தான் சீட்டு கிடைத்துவிட்டதே என்று விட்டுவிட்டார்கள். லீனா கட்டில்லாத விரலை மடியில் வைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். எதிரே ஒருவருக்குத் தலை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு அம்மாளுக்கு வாய் ஒரு பக்கமாக இழுத்திருந்தது. வலிப்பு வருகிற பெண்ணை இரண்டு பேர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடிபட்டவர்கள் யாருமில்லை. ஒரு கட்டுகூடக் கண்ணில் படவில்லை.

பக்கத்தில் இருந்தவர் ஜமீலா, சித்தூர்க்காரர்தான். கணவருக்குப் பக்கவாதம் வந்து மூன்றாவது தடவையாக வந்திருந்தார். லீனாவுக்கு என்னவென்று விசாரித்தார். லீனா விரலைக் காட்டி, மாங்காய் வெட்டும்போது நரம்பு அறுந்துவிட்டது என்றாள்.

ஜமீலா விரலைப் பார்த்தார், கதவில் இருந்த பலகையைப் பார்த்தார். "யம்மா, இவரு மூளையிலிருந்து வர்ற நரம்புக்கு டாக்டரு. எங்காளுக்குத் தலைல ரத்தம் கட்டிக்கினு கை வுழுந்துபோச்சு, அதுக்குப் பாக்கறாரு. மாங்கா வெட்டுனதுக்கு இங்க இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீற?"

மணி பத்து நாற்பது.

ஜெபசிங் படியிறங்கி ஓடினான். கவுன்டரில் வரிசை வாசல்வரை இருந்தது. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால், மேலே டாக்டர் பார்த்து எழுதித் தரட்டும், அவர் எழுதினால் மாற்றலாம் என்றார்கள். மேலே ஐம்பதாவது எண்கூட வரவில்லை. எழுதி வாங்கிக்கொண்டு வந்தாலும் கை அறுவை டாக்டர் வியாழக்கிழமை மட்டுந்தான் வெளிநோயாளிகளைப் பார்ப்பார், அடுத்த வியாழன் வரவேண்டும் என்று காவலுக்கு நின்றவர் சொன்னார். அடுத்த வியாழன் என்றால் பதினெட்டாம் நாள்.

லீனா கீழே இறங்கிவிட்டாள். கட்டுப் போட்ட கைகளும் தொட்டில் கட்டிய தோள்களும் எந்த வராந்தாவில் இருக்கின்றன என்று பார்த்துக்கொண்டே நடந்தாள்; பலகைகளை அவள் நம்பவில்லை. தரைத்தளத்தின் கடைசியில் அந்த வராந்தா இருந்தது. வாசலில் நின்ற நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, இது வேறு துறை என்று திருப்பிக் கொடுத்தார். மூச்சு வாங்க வந்துசேர்ந்த ஜெபசிங், நரம்பு என்று ஆரம்பித்தான்.

"நீ பேசாதண்ணா" என்றாள் லீனா.

அவளும் பேசவில்லை. இடது கையை நர்ஸின் மேசைமேல் மல்லாத்தி வைத்தாள். வலது கட்டைவிரலால் தன் முன்கைச் சதையைத் தேடி, நேற்று சுரேஷ்பாபு அழுத்தின இடத்தில் அழுத்தினாள். முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. இடம் தப்பு. கொஞ்சம் மேலே ஏற்றி, வலிக்கிறவரை அழுத்தினாள். மூன்று விரல்கள் சுருண்டன. ஒரு நுனி நின்றது. எடுத்தாள், மறுபடி அழுத்தினாள்.

நர்ஸ் சீட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

டாக்டர் ஹரிப்ரியா இளம்வயதுக்காரர். தெலுங்கில் வேகமாகவும் தமிழில் யோசித்தும் பேசுகிறவர். நடு எலும்பைப் பிடித்துக்கொண்டு நுனியை மடக்கச் சொல்லும் அதே சோதனையைத்தான் அவரும் செய்தார், அரை நிமிடம் ஆனது. நாளைக் கேட்டார். பதினொன்று என்றதும் உதவியாளரிடம் மறுநாள் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். பட்டியல் நிறைந்திருந்தது. அவர் அதை மேலிருந்து கீழே படித்தார். பிறகு ஒரு பெயரைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் லீனாவின் பெயரை எழுதினார்.

பாவாடை நாடா அறுந்தால் என்ன ஆகும் என்று லீனாவைக் கேட்டார். உள்ளே போய்விடும் என்றாள் லீனா. அதேதான் என்றார் டாக்டர். விரல் எலும்பை ஒட்டி ஒரு குழாய் இருக்கிறது, அதற்குள்தான் இந்த நாடா ஓடுகிறது. தசைக்கு இழுக்கத்தான் தெரியும், தள்ளத் தெரியாது. எதிர்ப்பக்கம் பிடித்துக்கொள்ள எலும்பு இல்லாமல் போனதும் நாடாவை உள்ளே இழுத்துக்கொண்டது. உள்ளங்கைவரை போயிருக்கும். தேடிப் பிடித்து, குழாய் வழியாக நுனிக்குக் கொண்டுவந்து தைக்க வேண்டும். தசை சுருங்கிப்போய் நாடா எட்டாவிட்டால் இன்று நாளை என்று முடியாது. வேறு இடத்திலிருந்து ஒரு துண்டு எடுத்து, இரண்டு ஆபரேஷன், எட்டு ஒன்பது மாதம். எட்டுமா எட்டாதா என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

நவம்பருக்கு நான்கு மாதம் இருந்தது. லீனா மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டாள்.

பன்னிரண்டாம் நாள் காலை அவளுக்கு முழு மயக்கம் கொடுக்கவில்லை. கையை மட்டும் ஊசி போட்டு மரக்கச் செய்தார்கள். தைத்து முடித்ததும் நீங்களே மடக்கிக் காட்ட வேண்டும், அதனால் விழித்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பார்க்க வேண்டாம் என்றால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்றார்கள். லீனா திருப்பிக்கொள்ளவில்லை.

விரலைத் திறந்தார்கள். அறுந்த இடத்தில் நுனியோடு ஒட்டியிருந்த சின்ன முனை மட்டும் இருந்தது, மற்றது இல்லை. உள்ளங்கையில் இன்னொரு கீறல் போட்டார்கள். அங்கே இருந்தது: இளநீர் வழுக்கை நிறத்தில், பளபளப்பாக, முனை கொஞ்சம் தடித்து. மெல்லிய குழல் ஒன்றைக் குழாய்க்குள் விட்டு, நாடா முனையை அதில் கோத்து இழுத்தார்கள். பாதிவழியில் சிக்கியது. வெளியே எடுத்து, முனையைச் சரிசெய்து மறுபடி விட்டார்கள். இந்தத் தடவை நுழைந்தது. நுனிக்குச் சற்று முன்னால் நின்றுவிட்டது. ஒரு நெல்மணி நீளம் எட்டவில்லை.

டாக்டர் மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். கொஞ்சம் நெருங்கியது. இடுக்கியால் பிடித்த முனை, பிடிக்கப் பிடிக்க மறுபடி உள்ளே வழுக்கிப் போனது. இரண்டாவது தடவையும் போனது. உதவிக்கு நின்றவர் லீனாவின் முன்கைமேல் கையை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் ஏதோ சொன்னார்.

டாக்டர் நிமிர்ந்தார். "ஏம்மா, நீங்கதான் இழுத்துக்கிட்டிருக்கீங்க."

லீனாவுக்குப் புரியவில்லை. கை மரத்துப்போயிருந்தது, விரல் இருக்கிற இடமே தெரியவில்லை. ஆனால் மரக்க வைத்தது மணிக்கட்டுக்குக் கீழே மட்டும்தான். முன்கைத் தசை விழித்துக்கொண்டுதான் இருந்தது. பயத்தில் அவள் பல்லைக் கடித்திருந்தாள், வலது கையால் மெத்தையின் ஓரத்தைப் பிடித்திருந்தாள். அதே பயத்தில் இடது முன்கையும் இறுகி, டாக்டர் கொண்டுவருகிற நாடாவை அவளே திரும்ப உள்ளே வாங்கிக்கொண்டிருந்தாள். விடுங்கள், தளர்த்துங்கள் என்றார்கள். தளர்த்த முயன்றாள். தளர்த்த வேண்டும் என்று நினைக்க நினைக்க இன்னும் இறுகியது. எதை விடுவது என்றே தெரியாதபோது எப்படி விடுவது?

"தளர்த்த வேண்டாம்" என்றார் டாக்டர். "எல்லா விரலையும் நீட்டுங்க. பலமா. வானத்தைக் காட்டற மாதிரி."

நீட்டுவது அவளுக்குத் தெரிந்த வேலை. நீட்டினாள். விரல்களை நீட்டுகிற தசைகள் முன்கையின் முதுகுப்பக்கம் இருக்கின்றன. மடக்குகிறவையும் நீட்டுகிறவையும் ஒரே எலும்பை எதிரெதிராக இழுப்பவை. ஒரு பக்கம் முழுமூச்சாக இழுக்கும்போது மறுபக்கத்தை விட்டுக்கொடுக்கும்படி உடம்பே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறது. அப்படி இல்லாவிட்டால் ஒரு கணுகூட அசையாது. லீனாவின் முன்கையின் உள்பக்கம் மெத்தென்று ஆனது. உதவியாளர் தலையசைத்தார். இடுக்கியின் முனையில் நாடா வந்தது. நெல்மணி அரிசிமணியாகி, பிறகு இடைவெளியே இல்லாமல் போனது.

"அப்படியே இருங்க. மூச்சு விடுங்க, விரலை மட்டும் விடாதீங்க."

இருபது நிமிடம் அவள் நீட்டிக்கொண்டே இருந்தாள். களைத்துப்போய் முன்கையின் முதுகுப்பக்கம் நடுங்க ஆரம்பித்தபோது, போதும் என்றார்கள். தையல் முடிந்திருந்தது. டாக்டர் நடு எலும்பைப் பிடித்துக்கொண்டார். இப்போது மெதுவாக, பாதி பலத்தில், நுனியை மடக்குங்கள் என்றார்.

பன்னிரண்டு நாளாகக் கட்டளை போய்க்கொண்டிருந்தது, போய்ச் சேரவில்லை. லீனா மடக்கினாள். அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, கை மரத்திருந்தது. அதனால் பார்த்தாள். திறந்து கிடந்த விரலுக்குள் வெள்ளை நாடா உள்ளே நழுவியது. நுனி தலையாட்டியது.

வெளியே ஜெபசிங்கிடம் டாக்டர் சொன்னது, கஷ்டமான பகுதி இனிமேல்தான் என்று. தைத்த கயிறு ஆறு வாரத்துக்குப் பலமாக இருக்காது. அவளாக இழுத்தால் அறுந்துவிடும். அசைக்காமலே வைத்தால் குழாயோடு ஒட்டிக்கொண்டு, பிறகு அசையவே அசையாது. ஆகவே ஒரு மணிக்கு ஒரு தடவை வலது கையால் இடது விரலை மடக்கிவிட வேண்டும், இடது விரல் தானாக மடங்கக் கூடாது. கையின் முதுகில் பிளாஸ்டர் பட்டை, மணிக்கட்டு உள்பக்கம் சாய்ந்தபடி.

ஆறு வாரம் லீனா இடது கையை ஒரு குற்றவாளி மாதிரி காவல் காத்தாள். செல்போன் விழுந்தால் விழட்டும் என்று விட்டாள். மூன்றாவது வாரம் திருப்பதிக்கு சோதனைக்குப் போகும்போது, காணிப்பாக்கம் திருப்பத்தில் பஸ் பிரேக் போட்டது. இடது கை தானாகக் கம்பிக்குப் போனது. பாதிவழியில் நிறுத்தினாள். நிறுத்தினதில் நிலைதடுமாறி முன்சீட்டில் முகம் மோதி உதடு கிழிந்தது. டாக்டர் முதலில் விரலைத்தான் பார்த்தார், அறுந்திருக்கவில்லை. பிறகுதான் உதட்டுக்கு மருந்து.

பட்டையைக் கழற்றின நாளில் பயிற்சி கொடுப்பவர், இன்றிலிருந்து நீங்களே மடக்கலாம் என்றார். லீனா விரலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மடங்கவில்லை. கயிறு இருந்தது, சதை இருந்தது. ஆறு வாரமாக மடக்காதே மடக்காதே என்று பழக்கின கைக்கு மடக்கு என்ற சொல் ஏறவில்லை. அறுந்துவிட்டதா என்று கேட்டாள். இல்லை என்றார் அவர். நடு எலும்பைப் பிடித்துக்கொடுத்து, கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பார்க்காமல் செய்யுங்கள் என்றார். நுனி ஒரு நூலளவு அசைந்தது. மறுநாள் இரண்டு நூல். அக்டோபர் முடிகிறபோது வலது விரல் மடங்குகிறதில் முக்கால்பங்கு மடங்கியது. அதற்குமேல் வராது என்றார்கள். லீனாவும் கேட்கவில்லை.

நவம்பர் மாதம் முதல் வாரம் யசோதா அவளைக் கூப்பிட்டுவிட்டாள். புது மாடலின் கனெக்டர் கொஞ்சம் சின்னது. வேலைக்கு எடுக்குமுன் நூறு பூட்டு போட்டுக் காட்ட வேண்டும், யசோதா கைக்கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றாள். முதல் பத்தில் நுனி மூன்று தடவை வழுக்கியது. லீனா நிறுத்தவில்லை. கனெக்டரைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தால் முக்கால் மடிப்பே போதும் என்பது பதினான்காவதில் தெரிந்தது. நூறு முடிந்தபோது முன்கையின் உள்பக்கம் எரிந்தது.

பழைய வேகத்துக்கு நான்கு நிமிடம் அதிகம் என்றாள் யசோதா. இரண்டு வாரத்தில் குறைத்துவிடுவேன் என்றாள் லீனா. யசோதா அவள் இடது கையை வாங்கி, நடு எலும்பைப் பிடித்து, மடக்கு என்றாள். யாரோ சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும். நுனி மடங்கி யசோதாவின் கட்டைவிரலை அழுத்தியது.

"நொப்பி லேதா?" வலிக்கவில்லையா என்று கேட்டாள்.

"வலிக்குது" என்றாள் லீனா.

யசோதா திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு அவள் பெயரை எழுதிக்கொண்டாள்.